விலையும் மதிப்பும்

வியாபாரம் செய்கிறவனுக்கு எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் எழுகின்ற கேள்வி, "இது என்ன விலை போகும்?" என்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவன் கடை வைத்துப் பிழைக்க முடியாது. நம் முன்னோர்கள் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கியபோது அவர்களில் பலர் கொண்டுவந்த மூலதனமே அந்த ஒரு கேள்விதான்.

ஆனால், விலை தெரிந்துவிட்டால் ஒரு பொருளின் மதிப்பும் தெரிந்துவிட்டது என்று நாம் எண்ணிக் கொள்கிறோமே, அது சரிதானா? விலை ஒன்று, மதிப்பு வேறொன்று என்று இருக்க முடியாதா? இதைத்தான் இவ்விதழில் அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். இக்கேள்வி நம் மனத்தில் எழுந்ததற்கு ஒரு சிறு டின் காரணம்.

நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் நாட்டு மருந்துக்கடை நடத்துகிறார். தம் தகப்பனார் விட்டுச்சென்ற கடையைச் செப்பனிடும்போது மேல் அலமாரியில் ஒரு பழைய டின் அகப்பட்டது. உள்ளே, ஆமையோட்டுத் துண்டுகள் போலப் பழுப்பு நிறத்தில் ஒரு கையளவு செதில்கள். டின்னின் மேல், தகப்பனாரின் கையெழுத்தில், "அழுங்கு" என்று எழுதியிருந்தது. அதே வாரத்தில் வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து அந்தச் செதிலையே கேட்டு, நண்பர் எதிர்பாராத ஒரு தொகையையும் சொல்லிப் போனார்.

நண்பர் நம்மிடம் வந்து கேட்டார்: "பாய், இது அத்தா காலத்துச் சரக்கு. அந்தப் பிராணி செத்து நாற்பது வருஷம் இருக்கும். நான் இப்போது விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்கு உயிர் வரப் போவதில்லை. சட்டம் கூடாது என்கிறது, அது எனக்கும் தெரியும். சட்டத்தை விடுங்கள். இதில் தப்பு என்ன என்று சொல்லுங்கள்."

நமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டு நாளில் எண்ணிப் பார்த்தவையே கீழே வருபவை.

அழுங்கு என்பது என்ன? எறும்புத்தின்னி என்றும் நம் ஊர்களில் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள். பங்கோலின் என்று உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயரே, 'சுருண்டு கொள்வது' என்னும் பொருளுள்ள மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்தாற்போலச் செதில் உள்ள பாலூட்டி வேறு எதுவும் இல்லை. அதற்குப் பல் கிடையாது. நீண்ட, பசையுள்ள நாக்கினால் எறும்பையும் கறையானையும் நக்கி விழுங்கும். விழுங்கிய சிறு கற்கள் வயிற்றுக்குள் அம்மியாய் இருந்து இரையை அரைத்துக் கொடுக்கும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அந்தக் குட்டியைத் தாய் தன் வாலின்மேல் ஏற்றிக்கொண்டு காடு சுற்றும்.

ஆபத்து வந்தால் அழுங்கு ஓடுவதில்லை, கடிப்பதில்லை. பந்து போலச் சுருண்டு கொள்கிறது. புலியின் பல்லுக்கும் எளிதில் அசையாத கோட்டை அது. ஆனால் மனிதனின் கைக்கு? குனிந்து எடுத்துச் சாக்கில் போட வேண்டியதுதான். வேறெல்லாப் பகைவரிடமிருந்தும் காத்த கவசமே மனிதனிடம் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

எதற்காக எடுக்கிறான்? செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும். அந்தச் செதிலில் என்ன இருக்கிறது? நம் விரல் நகத்தில் இருப்பதுதான் இருக்கிறது. கெராட்டின் என்று அதற்குப் பெயர். நாம் வெட்டி எறிகிற நகத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதே பொருளுக்கு அழுங்கின் முதுகில் இருந்தால் மட்டும் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு கொள்கலன்கள் பிடிபட்டன. நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு. ஒன்றில் 12.9 டன் செதில், மற்றொன்றில் 12.7 டன். முதலாவதன் மதிப்பு மட்டும் 3 கோடியே 87 இலட்சம் அமெரிக்க வெள்ளி என்று கணக்கிட்டார்கள். இரண்டுக்குமாகச் செத்த அழுங்குகள் ஏறத்தாழ 38,000. இன்னொரு விவரத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். முதல் கொள்கலனின் சரக்குப் பட்டியலில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? உறைந்த மாட்டிறைச்சி! உள்ளே ஒன்று, பட்டியலில் ஒன்று. எடையில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் நாணயம் போய்விடும் என்று அஞ்சுகிற வியாபாரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தன் பெயரைச் சொல்லி வெளியே வர முடியாத சரக்கு, நல்ல சரக்கு அன்று.

ஆக, நம் கேள்விக்கு முதல் பாடம் இங்கே கிடைக்கிறது. விலை என்பது பொருளுக்குள் இருப்பதன்று. வாங்குகிறவன் மனத்தில் இருப்பது. அவன் தவறாக நம்பினாலும் விலை ஏறும். விலை ஏறியதனால் அழுங்கின் மதிப்பு ஏறியதா? இல்லை. ஏறிய விலை அதற்குத் தூக்குக் கயிறாயிற்று. இந்நாட்டுக் காடுகளில் வாழும் அழுங்கினம் அடியோடு அழியும் விளிம்பில் இருப்பதாக 2014-இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. அழுங்கினம் எல்லாவற்றின்மீதும் உலக வாணிபத் தடை விதிக்க 2016-இல் பல நாடுகள் கூடி முடிவு செய்தன.

"அப்படியானால் விலையை விடுங்கள், பயனைப் பாருங்கள். பயன் உள்ளதைக் காப்போம், பயனற்றது போனால் போகட்டும்" என்று ஒருவர் சொல்லலாம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பயன் எது, பயனின்மை எது என்று அறிந்து சொல்லக்கூடியவர் யார்?

கடற்கரைச் சேற்றில் பெலாங்காஸ் என்று ஒரு பிராணி உண்டு. கவிழ்த்து வைத்த இரும்புச் சட்டி போன்ற ஓடு, பின்னால் ஈட்டி போன்ற வால். ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நகர்வதால், இணைபிரியாத தம்பதியைப் பெலாங்காஸ் போல என்று மலாய்க்காரர்கள் சொல்வது வழக்கம். தமிழில் குதிரைலாட நண்டு என்கிறோம். உண்மையில் அது நண்டே அன்று. சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் முன்னோர்கள் 44 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் பதிந்திருக்கின்றனர். நம் கடல்களில் உள்ள இரண்டு வகையில் ஒன்று சதுப்புநிலக் காட்டோரச் சேற்றில் வாழ்வது. வலையில் சிக்கினால் மீனவர் சலித்துக்கொள்வார். வலையைக் கிழிக்கும், சதையோ மிகக் கொஞ்சம். அந்தச் சதுப்புநில வகையைத் தின்று நஞ்சேறியவர்களும் உண்டு. சந்தையில் இதைவிடப் பயனற்ற சரக்கு இருக்க முடியுமா?

1956-இல் பிரெடரிக் பாங் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கண்டார். இப்பிராணியின் இரத்தம் நீல நிறம், நம் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அதில் செம்பு செய்கிறது. அந்த இரத்தத்தில் சில கிருமிகளின் நஞ்சு பட்டால் உடனே உறைந்து கட்டியாகிவிடுகிறது. பிறகு அவரும் ஜாக் லெவின் என்பவரும் இதை ஒரு சோதனை முறையாக ஆக்கினார்கள். ஊசி மருந்தில் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று அறிய முன்பெல்லாம் முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று காத்திருப்பார்கள். இப்போது ஒரு சொட்டு இரத்தச்சாறு போதும். இன்று நம் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியும், ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் மருந்தும் இத்தகைய சோதனையைக் கடந்தே வருகின்றன. அன்பர்களே, நம் வீட்டில் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் அந்தச் சேற்றுப் பிராணிக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடன் நம் பேரேட்டில் ஏறவில்லை. அவ்வளவுதான்.

கதை அத்தோடு முடியவில்லை. பயன் தெரிந்ததும் அமெரிக்கக் கரையில் ஆண்டுதோறும் அதைப் பெருமளவில் பிடித்து இரத்தம் எடுத்துவிட்டுக் கடலில் விடலானார்கள். அதில் ஒரு பகுதி செத்தும் போகிறது. பயன்தான் அதற்கு மீண்டும் ஆபத்தாயிற்று. அதற்கு மாற்று பிறந்தது நம் சிங்கப்பூரில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிங் ஜியாக் லிங், ஹோ போ என்னும் இருவர், மேலே சொன்ன சதுப்புநில வகையை ஆராய்ந்து, இரத்தத்தில் உறைதலைத் தொடங்கி வைக்கும் பொருளைப் பிராணியின்றியே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் வழியை 1990-களில் கண்டனர். 2021 முதல் ஐரோப்பிய மருந்து நூலும் அம்முறைக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இதிலிருந்து இரண்டாவது பாடம். பயனற்றது என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் அறியாமைக்கு நாம் வைக்கும் பெயர். 1955-இல் பெலாங்காஸ் பயனற்றதாக இருந்ததா? இல்லை. நமக்குத் தெரியாதிருந்தது. கிட்டங்கியில் பெயர் தெரியாத மூட்டை ஒன்று கிடந்தால், புத்தியுள்ள எந்த முதலாளியும் அதைக் கடலில் கொட்டச் சொல்ல மாட்டார்.

இங்கே நாம் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தினால் நேர்மையாகாது. ஏனெனில் இதுவரை சொன்னதும் இலாபப் பேச்சுத்தான். இன்று இல்லாவிட்டால் நாளை உதவும் என்று காப்பது, விலையேறும்வரை சரக்கைப் பதுக்கி வைப்பதற்குச் சமானம். என்றைக்குமே உதவாத ஒரு பிராணி இருந்தால்? அப்போது என்ன சொல்வோம்? இதுவே கடினமான கேள்வி.

அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் புக்கித் தீமா காட்டிலும் நடு நீர்த்தேக்கக் காட்டிலும், மலேசியக் காடுகளிலும் கூபோங் என்று ஒரு பிராணி வாழ்கிறது. பூனையளவு இருக்கும். கழுத்திலிருந்து விரல் நுனிவரையும், அங்கிருந்து வால் நுனிவரையும் தோல் ஒரே போர்வையாய் இணைந்திருக்கும். பகலில் மரத்தோடு மரமாய் ஒட்டிக் கிடக்கும். இரவில் அந்தப் போர்வையை விரித்து, 100 மீட்டருக்கு மேலும் சறுக்கி அடுத்த மரத்தில் இறங்கும். பறக்கும் லெமூர் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அது பறப்பதுமில்லை, லெமூரும் இல்லை. குரங்கினத்துக்கு மிக நெருங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகின்றனர். தாய் தன் வால்தோலை மடித்துத் தொட்டில் போலாக்கி, அதில் குட்டியை ஏந்திக்கொண்டு தலைகீழாய்த் தொங்கும்.

இதனால் நமக்கு என்ன பயன்? இதற்குக் கொம்பு இல்லை, மருந்து என்று பெயர் வாங்கிய செதிலும் இல்லை. கூண்டில் வைத்துக் காட்டிக் காசு பண்ணலாம் என்றால், கூண்டில் உயிர் தரிப்பதே அரிது. நம் கடைவீதியிலிருந்து சில மைல் தூரத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அது அழிந்தால் எந்தக் கடையிலும் கல்லா குறையாது. எந்த ஐந்தொகையிலும் ஒரு காசு மாறாது.

சரி, நம் பேரேட்டை எடுத்துப் பார்ப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறது? நம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்தவர்களின் கணக்கு. அடுத்த தெருக் கடைக்காரரின் கணக்கு அதில் இல்லை. ஆகையால் அவருக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை, அப்படி ஒருவரே இல்லை என்று சொல்லும் வியாபாரி உண்டா? நம் ஏட்டில் ஏறாததெல்லாம் இல்லாததாகிவிடாது. அந்தக் கூபோங் குட்டிக்கு, அதன் தாயின் வால்தொட்டிலே முழு உலகம். அந்த உலகத்தின் மதிப்பு, நாம் அதை அறிவதற்கு முன்பும் இருந்தது, நாம் மறந்த பின்பும் இருக்கும். நம்மிடம் அதற்கு விலை இல்லை என்பது நம் தராசின் அளவைக் காட்டுமேயன்றி, அதன் அளவைக் காட்டாது.

இன்னொன்றும் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். கூட்டாளிகள் முறைவைத்து ஊருக்குப் போய்வருகிற கடைகளை நாம் அறிவோம். இரண்டு வருஷத்துக்கு ஒருவர் பொறுப்பேற்பார், பிறகு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். பொறுப்பில் இருக்கிற காலத்தில் அவர் விற்கலாம், வாங்கலாம், தம் சாப்பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தமக்குப் பிடிக்காத சரக்கு, புரியாத சரக்கு என்று எதையும் அழிக்க அவருக்கு உரிமை இல்லை. அது அமானிதம். இந்தப் பூமியில் நாமும் முறைவைத்து வந்தவர்கள்தாம். நமக்கு முன்பே கிட்டங்கியில் இருந்த சரக்கு இது. அடுத்த முறைக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது, இன்னின்ன சரக்கு எங்கே என்று அவர் கேட்டால், எங்களுக்கு உபயோகப்படவில்லை, ஆகவே இல்லாமல் செய்துவிட்டோம் என்றா சொல்வது?

இவ்விடத்தில் சில ஆட்சேபங்கள் வரும். அவற்றை ஒளிக்க விரும்பவில்லை.

மனிதன் பசித்திருக்கையில் பிராணிக்கா பரிவு என்று கேட்கலாம். மனிதன் முதலில் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைக்குச் சோறில்லாமல் காட்டில் கண்ணி வைக்கிறவனை இங்கே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு பழிக்க நமக்கு மனமில்லை. ஆனால் கொள்கலன் கணக்கில் செதில் வாங்குகிறவன் பசித்தவன் அல்லன். இந்த வாணிபத்தில் கண்ணி வைத்தவனுக்குக் கிடைப்பது சில்லறை, இலாபம் முழுவதும் இடைத்தரகனுக்கு. ஏழையின் பெயரைச் சொல்லிப் பணக்காரன் தின்கிற விருந்து இது.

அப்படியானால் ஆட்டையும் மீனையும் தோலையும் விற்பதும் குற்றமா என்றும் கேட்கலாம். குற்றமென்று நாம் சொல்லவில்லை. இலாபத்தில் சாப்பிடுவது ஒன்று, முதலைத் தின்பது இன்னொன்று. ஆடு பெருகுகிறது, வளர்க்கிறோம், விற்கிறோம். ஈற்றுக்கு ஒன்றே ஈன்று, கூண்டில் வளரவும் மறுக்கின்ற அழுங்கை விற்பவன் முதலைத் தின்கிறான். முதலைத் தின்றவன் கடை என்னாகும் என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

பிராணிகளைப் பற்றி அக்கறை கொள்வது ஏதோ புதிதாய் வந்த பழக்கம் என்று எண்ணுவோரும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பஸரா நகரத்து அல்ஜாஹிழ் பிராணிகளைப் பற்றியே பல பாகங்களாக ஒரு பெருநூல் எழுதினார். இளமையில் அவர் மீன் விற்றுப் பிழைத்தவர் என்பார்கள். 1405-இல் காலமான கெய்ரோ நகரத்து அல்தமீரி, பிராணிகளை அகரவரிசைப்படுத்தி மாபெரும் நூல் இயற்றினார். கல்விக்கு முழுதாக வருமுன் அவர் தையல் தொழில் செய்தவர். மீன் கூடையும் கத்தரிக்கோலும் பிடித்த கைகள், விலைபோகாத பூச்சி புழுக்களைப் பற்றியும் எழுத நேரம் கண்டன. கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

இனி நண்பரின் டின்னுக்கு வருவோம். செத்துப்போனதை விற்றால் என்ன என்பதல்லவா அவருடைய கேள்வி? இரண்டு நாள் கழித்து நாம் சொன்னது இதுதான்: "உங்கள் டின்னில் உள்ள பிராணிக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, மெய்தான். ஆனால் நீங்கள் விற்கிற அன்று, இந்தச் சரக்குக்கு இங்கே இன்ன விலை உண்டு என்று சந்தைக்குச் சொல்கிறீர்கள். உங்களிடம் வாங்கினவர் அடுத்த மாதமும் வருவார். உங்களிடம் தீர்ந்துபோயிருக்கும். அவர் வேறொருவரிடம் கேட்பார். அவர் இன்னொருவரிடம் கேட்பார். கடைசியில் அந்தக் கேள்வி, காட்டில் வாலின்மேல் குட்டியைச் சுமந்து போகிற ஒரு தாயிடம் போய் நிற்கும். நீங்கள் விற்பது பழைய செதிலை. கொள்முதல் ஆர்டர் போவதோ புதிய செதிலுக்கு."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அத்தா எழுதி வைத்ததை நான் குப்பையில் போட மாட்டேன்" என்றார். மறுநாள் அந்தச் செதில்களை வனவிலங்கு இலாகாவில் கொண்டுபோய் ஒப்படைத்தார். கைதாகி விடுவோமோ என்று உள்ளூரப் பயந்துதான் போனாராம். அதிகாரி பெயரையும் விவரத்தையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். காலி டின்னை மட்டும் தருவீர்களா என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அது இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில், சில்லறைக் காசு போட உதவுகிறது. தகப்பனாரின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. வாடிக்கைக்காரர்கள், "இது என்ன அழுங்கு?" என்று கேட்கிறார்கள். அவரும் அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்கிறார்.

அந்த விற்பனையில் அவருக்கு நஷ்டம் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. நஷ்டமே இல்லாமல் செய்யக்கூடிய நேர்மை, பெரிய நேர்மையும் அன்று.

அன்பர்கள் ஒரு காரியம் செய்யலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள காட்டோரத்துக்கோ, கடல் வற்றிய சேற்றுக் கரைக்கோ ஒரு முறை போய் வாருங்கள். எதையும் பிடிக்க வேண்டாம், எடுத்துவர வேண்டாம். மரப்பட்டையோடு ஒட்டிய சாம்பல் நிறப் போர்வை ஒன்று கண்ணில் படலாம், படாமலும் போகலாம். பட்டால், "இது என்ன விலை, அத்தா?" என்று பிள்ளை கேட்பான். வியாபாரி வீட்டுப் பிள்ளை வேறெப்படிக் கேட்பான்? இதற்கு விலை இல்லை என்று சொல்லுங்கள். விலை இல்லாதது வேறு, மதிப்பில்லாதது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை நம் கடையில் உட்காரும்போது தராசை இன்னும் நேராகப் பிடிப்பான் என்பது நம் நம்பிக்கை.